நடுங்காத புள்ளி

செய்தி வந்தபோது மீட்டர் ஒரு மாடிப்படிக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தான். முகத்துக்கு நேரே தண்ணீர்க் கணக்குப் பெட்டி. அதன் கண்ணாடிமேல் பாசி. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் துடைக்கப் பழந்துணி. சட்டைப்பையில் போன் மூன்று முறை அதிர்ந்தது. மூன்று முறை என்றால் அக்கா.

வீடு வீடாகப் போய் மீட்டர் எண்ணைக் குறித்து வருவது அவன் வேலை. பதினொரு வருஷத்தில் குடிநீர் அலுவலகம் அவனுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டது. அதிகாரியிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவன் மீட்டர்தான். அக்காவுக்கு மட்டும் 'டேய்'.

ஊர்ந்து வெளியே வந்து போனைப் பார்த்தான்.

'உதவி. உடனே வா.' கீழே இடம். நேரம் பதினொன்று பன்னிரண்டு.

வார்த்தைகள் அவளுடையவை அல்ல. பக்கவாட்டுப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் போன் தானே அனுப்பும் வாசகம். எழுதி வைத்தவன் அவன். இடத்தைத் தொட்டான். வரைபடம் விரிந்தது. ஊருக்கு வடக்கே, அவர்கள் காலிசெய்த பழைய வீட்டின்மேல், நீலப் புள்ளி.

"சொன்ன மாதிரியே போயிட்டா" என்றான் வாய்விட்டு.

படியில் நின்ற வீட்டுக்காரம்மா பதறினாள். "என்ன தம்பி, கசியுதா?"

"இல்லைங்க. வேற."

டார்ச்சை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான்.

அன்று காலையில்தான் சண்டை. ஒரு மேஜையைப் பற்றி.

அக்கா துணி திருத்துகிறவள். பேண்ட்டின் காலைக் குறைப்பாள், சட்டையைப் பிரித்து அகலமாக்குவாள். ஊரார் இளைத்தாலும் பருத்தாலும் நமக்குச் சோறு என்பாள். மூன்று மாதத்துக்கு முன் வீடு மாறியபோது தையல் மெஷின் வந்தது, இஸ்திரி மேஜை வரவில்லை. வண்டியில் இடமில்லை. பழைய வீட்டு மாடிப்படி அடியில் சாத்தி வைத்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து தரையில் போர்வை விரித்து இஸ்திரி போடுகிறாள்.

"முதுகு போகுதுடா. இன்னைக்கு நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒரு மேஜைக்குக்கூடவா ஒளிஞ்சு வாழணும்?"

"அந்தாளு அங்க எப்ப வேணா வந்து நிப்பாரு."

"வந்தா நல்லதாப் போச்சு. ஒரு முனையைப் பிடிக்கச் சொல்றேன்."

அவன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் கொண்டு வர்றேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை? வருஷத்துல அம்பத்திரண்டு இருக்கு."

அந்தாள் என்றால் அத்தான். அக்காவின் கணவர். கை நீட்டியது இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு கடையில் கால் மணி நேரம் கூடுதலாக நின்றால் போன் வரும். "அங்க இன்னும் என்ன வேலை?" போனை வாங்கிக் கொடுத்தவர் அவர். அதில் போன் கம்பெனியின் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்டவரும் அவர். அவள் நடந்தால் அவருடைய போனில் ஒரு புள்ளி நகரும். முதல் முறை அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, அத்தான் பெயர்கூடக் கேட்டிராத பள்ளித் தோழி வீட்டுக்குப் போனாள். இரண்டு மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கோபமே இல்லை. "சொல்லாம வந்துட்டியேம்மா" என்றார். கூடவே போய்விட்டாள்.

இரண்டாவது முறை தம்பியிடம் வந்தாள். போனை அணைத்து, துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டுவந்தாள்.

"இதைக் கிணத்துல போடணுமா?"

"வேண்டாம். குடு."

மீட்டர் அந்தப் போனைத் துடைத்தெடுத்தான். கம்பெனி போட்டு அனுப்பியதையெல்லாம் நீக்கிவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கக்கூடிய, போனை இயக்கும் வேறொரு அமைப்பை ஏற்றினான். அவன் போனில் பல வருஷமாக ஓடுவது அதுதான். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆப்கள் எல்லாம் கம்பெனியைக் கேட்டுப் பழகியவை. நான் எங்கே இருக்கிறேன் என்று ஆப் கேட்கும். கம்பெனி பதில் சொல்லும், சொல்லும்போதே தன் ஏட்டிலும் குறித்துக்கொள்ளும். கம்பெனியை எடுத்துவிட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதற்காக எங்கெங்கோ இருக்கும் சில பேர், சம்பளமில்லாமல், ஒரு மாற்றை எழுதி வைத்திருந்தார்கள். அது கம்பெனியின் நாற்காலியில் உட்கார்ந்து கம்பெனி மாதிரியே பதில் சொல்லும். எதையும் குறித்துக்கொள்ளாது.

இதை அவன் விளக்கியபோது அக்கா கேட்டாள். "அப்போ இது டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட் இல்ல. நல்லவன்."

"நல்லவனுக்கு வழி தெரியுமா?"

"நான் சொல்லிக் குடுக்கறேன்."

அது உண்மை. வெட்டவெளியில் போனுக்குச் செயற்கைக்கோள் போதும். கூரைக்கு அடியில் அது எட்டாது. அங்கே அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகள்தான் அடையாளம். ஒவ்வொரு பெட்டியும் தன் எண்ணை ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். இந்த எண் இந்த இடத்தில் கேட்டது என்று யாராவது நடந்துபோய்க் குறித்து வைத்திருந்தால், அதைக் கேட்கிற போன் தான் எங்கே என்று தெரிந்துகொள்ளும். கம்பெனிக்குக் குறித்துக் கொடுக்கக் கோடிக்கணக்கான போன்கள் உண்டு. மாற்றுக் குழுவுக்கு அந்த ஊரில் ஒரே ஆள், மீட்டர். எப்படியும் வாசல் வாசலாக நடக்கிறவன். இயக்கிவிட்டு நடந்தால் பையிலிருக்கும் போன் தானாகக் குறித்துக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் ஊரின் முக்கால்வாசியை முடித்திருந்தான். முதல் பெட்டி அவன் வீட்டுப் பெட்டி.

பிறகுதான் அந்தப் பொத்தானை அமைத்தான். அத்தான் வந்தாலும் அழுத்தலாம், இளைப்பு வந்தாலும் அழுத்தலாம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைப்பு.

"எங்க இருந்து அழுத்தினாலும் வருவியா?"

"எங்க இருந்தாலும்."

"மீட்டரை விட்டுட்டு?"

"மீட்டர் எங்கேயும் ஓடாது."

எட்டு மாதம் அந்தப் பழைய வீட்டில் இருந்தார்கள். அத்தானுக்கு அந்த வீடு தெரியும். போன் சொல்லவில்லை. மைத்துனன் வீடு தெரியாமல் இருக்குமா? எதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்பார். கத்தமாட்டார். உள்ளே வரமாட்டார். சாய்ந்து நின்று சன்னலைப் பார்ப்பார். அக்கா இருட்டில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். அதனால்தான், இனி அவருக்குத் தெரியாது என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்து, யாரிடமும் சொல்லாமல் புது வீடு. ஒரு கிடங்கின் பின்பக்கம், ஒரே கூடம், ஒரே சன்னல். எதிரே சைக்கிள் கடை. யாருக்கும் நம்பர் கொடுக்காதே, யாரிடமும் பெயர் சொல்லாதே என்றான். "என் பேரு எனக்கே மறந்துடும்போல" என்றாள் அவள். ஆனால் சொல்லவில்லை.

புள்ளி பழைய வீட்டில் தெரிந்ததும் அவன் அத்தானை நினைத்தான். இளைப்பை நினைக்கவில்லை.

அவன் ஸ்கூட்டரை எடுத்த தெருவிலிருந்து புது வீடு மூன்றாவது தெரு. நடந்தாலே ஐந்து நிமிடம். பழைய வீடு ஊரின் மறுகோடி. வண்டி புது வீட்டுத் தெருமுனையைக் கடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் நின்றபோது அவளுக்குப் போன் செய்தான். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த சிக்னலிலும் அடித்தது. யார் கையில் அது அடிக்கிறது என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். கூடவே கோபம். சொன்னேனே, சொன்னேனே என்று ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே போனான்.

பழைய வீட்டெதிரே சுவரில் யாரும் சாய்ந்திருக்கவில்லை. கதவைத் தட்டினான். பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர் திறந்தார்.

"அக்கா வந்தாங்களா?"

"எந்த அக்கா?"

"மேஜை எடுக்க. மாடிப்படி அடியில..."

"ஓ, அந்த மேஜை உங்களதா? எப்பப்பா எடுப்பீங்க? தினம் கால்ல இடிச்சுக்கறேன்."

"யாரும் வரலையா? கூட ஒரு ஆள், உயரமா?"

"காலையிலேருந்து நான்தான் இருக்கேன். ஒரு ஈ காக்கா வரல."

மீட்டர் குனிந்து பார்த்தான். மேஜை அங்கேதான் இருந்தது. மேலே இரண்டு பெயிண்ட் டப்பா, ஒரு குடை. தூசி கலையவில்லை.

தெருவில் நின்று போனைப் பார்த்தான். பொத்தானை அழுத்திய பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவள் போன் மறுபடி இடத்தை அனுப்பும். பதினொரு செய்திகள் வந்திருந்தன. எல்லாம் ஒரே இடம். அவனுடைய புள்ளியும் பக்கத்திலேயே தெரிந்தது. அது சும்மா இல்லை. செயற்கைக்கோள் சொல்லும் புள்ளி கைக்குழந்தை மாதிரி, நாம் நின்றாலும் தான் நிற்காது. ஓரடி தள்ளும், ஓரடி திரும்பும். அவளுடைய புள்ளி நடுங்கவில்லை. பதினொரு முறையும் இடத்தைச் சொல்லும் எண் கடைசி இலக்கம் வரை ஒன்றே.

அந்த எண் அவனுக்குத் தெரியும். அவன் குறித்த முதல் இடம். முன்னறைச் சன்னல் மூலை. வைஃபை பெட்டி இருந்த இடம்.

பெட்டி இப்போது அங்கே இல்லை. வீடு மாறியபோது அக்காதான் அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். அடிபடாமல் வரட்டும் என்று. புது வீட்டுச் சன்னலில் வைத்து அவன்தான் இயக்கினான். அது அன்றிலிருந்து தன் பழைய எண்ணையே கூவிக்கொண்டிருக்கிறது. மாற்றுக் குழுவின் ஏட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பழைய வீடு. மாற்றி எழுத ஊரில் ஒரே ஆள். புது வீடு வேறொருவர் தண்ணீர்க் கணக்கெடுக்கும் பகுதியில் இருந்தது. தன் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தபின்தான் அவன் குறிப்பதை இயக்குவான், அந்தத் தெருவை இன்னும் நடந்து குறிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. குடிவந்த வாரம் அக்கா பொத்தானைச் சோதித்தாள். 'இடம் தெரியவில்லை' என்று வந்தது.

"நான் எங்கடா இருக்கேன் அப்போ?" என்றாள். கேட்ட குரலில் விளையாட்டு கொஞ்சம்தான்.

குறைந்தது இரண்டு பெட்டிகள் ஒத்துச் சொன்னால்தான் நம்புவது என்பது அமைப்பின் விதி. அங்கே ஏட்டில் ஏறிய பெட்டி ஒன்றே ஒன்று. அவன் இரண்டு என்பதை ஒன்று என்று மாற்றினான். மறுபடி அழுத்தச் சொன்னான். அவன் போன் மூன்று முறை அதிர்ந்தது. செய்தி வந்தது. இடமும் வந்தது.

"பாத்தியா?"

"அப்பாடா" என்றாள்.

இடத்தைத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பவளை வரைபடத்தில் எதற்குத் தேடுவது?

பழைய வீட்டுத் தெருவில் நின்றபடி போனைப் புரட்டினான். புது வீட்டுப் பக்கம் யாரையாவது கூப்பிடலாம் என்றால் ஒருவர் நம்பரும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்து முகவரி சொன்னான்.

"அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே வண்டி போயிருக்கே சார். சைக்கிள் கடைக்கு எதிர்வீடுதானே?"

"ஆமா."

"லேடீஸ். மூச்சுத்திணறல். ஏத்திட்டாங்க."

ஆஸ்பத்திரியில் சைக்கிள்கடைக்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கை கிரீஸ் கறை. சுவரில் படாமல் இருக்க இரண்டு கைகளையும் முழங்கால்மேல் மல்லாத்தி வைத்திருந்தார்.

"சன்னல் கம்பியில கத்தரிக்கோலால தட்டினாங்க தம்பி. ஏதோ ரிப்பேர் நடக்குதுன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா தட்டுறது விட்டு விட்டுக் கேக்குது. வேலை செய்யறவன் அப்படித் தட்டமாட்டான். அதான் போய்ப் பார்த்தேன்."

"எத்தனை நேரம் தட்டினாங்க?"

அவர் மல்லாத்திய கைகளைப் பார்த்துக்கொண்டார். "போன் கையிலதான் இருந்துச்சு. பூட்டியிருக்கு. நீங்க கூப்பிட்டது எடுக்கத் தெரியல, கையெல்லாம் கிரீஸு, வழுக்குது. யார் எவருன்னு இவங்க கேக்கறாங்க, என்ன சொல்றது? மூணு மாசமா எதிர்வீடு. பேர்கூடத் தெரியலை."

நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தாள். திணறல் எப்போது தொடங்கியது? அவன் பதினொன்று பன்னிரண்டு என்று எழுதினான். கொண்டுவந்த நேரம் அவளே எழுதியிருந்தாள். பதினொன்று ஐம்பது.

"நிமிஷக் கணக்கா எப்படித் தெரியும்?"

"மெசேஜ் வந்தது."

"உங்களுக்கா? அப்போ ஏன்..."

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் அக்கா கண் விழித்தாள். மூக்கும் வாயும் மூடிய மாஸ்க். அதற்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"டேய். மேஜை?"

"அங்கதான் இருக்கு."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவள் இமைக்காமல் அவனைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி, எண், இரண்டை ஒன்றாக்கியது. தெருமுனையைக் கடந்ததையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். துணியில் எங்கே பிரிக்கலாம் என்று பார்க்கும்போது முகத்தில் வரும் அதே கவனம்.

"உங்க அத்தானா இருந்தா" என்று நிறுத்தி மூச்சு வாங்கினாள், "நேரா வந்திருப்பார்."

மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவள் வாயில் அத்தான் என்ற சொல் வந்ததில்லை. சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்க நேரமானது. அடங்கியதும் அவன் கையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சும்மா சொன்னேன்டா."

"தெரியும்."

"மூஞ்சியைப் பாரு."

மூன்றாம் நாள் காலையில் இதயம் நின்றது. நீண்ட நேரம் காற்றில்லாமல் களைத்துப்போன இதயம் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று அவன் கேட்கவில்லை.

அத்தானுக்குச் சொல்லவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்கு இப்போதும் தெரியாது. அந்த ஒன்றில் மட்டும் அவன் வாக்குத் தவறவில்லை.

எல்லாம் முடிந்தபின் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மாடிப்படியடியில் விட்டுவந்த டார்ச்சை அந்த வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். தையல் மெஷினில் ஒரு பேண்ட் அப்படியே ஊசியில் நின்றது, ஒரு கால் குறைத்து, ஒரு கால் குறைக்காமல். உரியவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் அதைத் தொடவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, போனை எடுத்துக்கொண்டு புது வீட்டு வாசலில் போய் நின்றான். வெட்டவெளி. புள்ளி ஓரடி தள்ளியது, ஓரடி திரும்பியது. பத்து நிமிடம் அசையாமல் நின்றான். பெட்டியின் எண்ணுக்கு எதிரே புது இடம் பதிவானது. அவ்வளவுதான் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

உள்ளே வந்து கணினியைத் திறந்தான். பிழையைக் குழுவுக்குத் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம்.

என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்?

'புள்ளி புது வீட்டில் தெரிய வேண்டும்.'

என்ன நடந்தது?

'பழைய வீட்டில் தெரிந்தது.'

என்ன செய்யலாம்?

'ஒரே பெட்டியின் பேச்சை நம்பும்படி மாற்ற யாருக்கும் இடம் தரக் கூடாது.'

பாதிப்பு? இதற்குக் கட்டமில்லை. சிறியது, நடுத்தரம், கடுமையானது. மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். எதை எப்போது தொடுவது என்று பக்கத்திலேயே விதி இருந்தது. ஒரு பெட்டியை மட்டும் பாதிக்கும் பிழை சிறியது. சென்ற வருஷம் அந்த விதியை எழுதிக் கொடுத்தவன் அவன். நல்ல தெளிவு என்று குழுவில் பாராட்டினார்கள்.

'சிறியது' என்பதைத் தொட்டு அனுப்பினான்.

ஏட்டைப் பராமரிப்பவர் குழுவில் நத்தை என்ற பெயரில் இருப்பவர். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. பெயருக்கு நேர்மாறாக உடனே பதில் போடுவார். 'இரண்டை ஒன்றாக்க யாருக்கு அய்யா தோன்றும்! நல்ல கண்ணு உங்களுக்கு. சரிசெய்துவிட்டேன். மூடுகிறேன்.'

பிழைக்கு எதிரே 'மூடப்பட்டது' என்று விழுந்தது.

அவன் முகம் கழுவி, சட்டை மாற்றி, கதவைப் பூட்டினான். எதிரே சைக்கிள்கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதன் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் கையால் சக்கரத்தை நிறுத்தினார்.

"ஒரு மேஜை கொண்டு வரணும்" என்றான். "தூரம்தான். ஒரு முனை பிடிக்க வருவீங்களா?"

"வரேன் தம்பி. இதோ."

அவர் கையைத் துடைக்கத் துணி தேடினார். அவன் காத்து நின்றான். பிறகு, அவர் கேட்காமலே, அக்காவின் பெயரைச் சொன்னான்.